ஆட்டிஸமுள்ள தாய்மார்களும் பேறுகால மனநலப் பராமரிப்பும்

கருவுற்ற பெண்ணின் உடல்நிலையை அறிவதற்கு நம் சுகாதார நிலையங்களில் வேண்டிய சாதனங்கள் பல உள்ளன. இரத்த அழுத்தத்தைக் கருவி காட்டுகிறது; ஹீமோகுளோபினின் அளவைச் சோதனை காட்டுகிறது; உடல் எடையைத் தராசு காட்டுகிறது; கருவிலுள்ள சிசுவின் இதயத்துடிப்பையும் செவியாற் கேட்டறியலாம். ஆனால், அப்பெண்ணின் மனநிலையை இவ்வாறு அளந்து காட்டும் கருவி எதுவும் இல்லை. அவளுடைய சொல்லையும் முகக்குறிப்பையும் கொண்டே செவிலியரும் மருத்துவரும் அதனை அறிய வேண்டியிருக்கிறது. சொல்லும் முகக்குறிப்பும் பிறர் எதிர்பார்க்கும் வகையில் அமையாத ஒரு பெண், பேறுகாலத்தில் மனச்சோர்வுக்கு ஆளானால், அவளுடைய துன்பத்தைக் கண்டறிவது எவ்வாறு? ஆட்டிஸமுள்ள தாய்மார்களைப் பற்றி அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்துள்ள ஆராய்ச்சிகள் இவ்வினாவையே எழுப்புகின்றன.

வீடு வீடாகச் சென்று தாய்மாரைக் காணும் சுகாதார ஊழியர்களும், வளரிளம் பெண்களுடன் நாள்தோறும் பழகும் ஆசிரியர்களும் இவ்வாராய்ச்சிகளின் முடிவுகளை அறிந்திருத்தல் நலம். ஏனெனில், இத்தகைய பெண்களிற் பெரும்பாலோர் தமக்கு ஆட்டிஸம் உண்டென்பதைத் தாமே அறியாதவர்களாயிருக்கின்றனர்.

ஆட்டிஸம் என்பது யாது?

ஆட்டிஸம் தொற்றுநோயன்று, மனநோயுமன்று. மூளையின் வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமைந்து, வாழ்நாள் முழுவதும் தொடரும் வேறுபாடு அது. அச்சொல்லை முதன்முதலில் வழங்கியவர் ஸ்விட்ஸர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவர் யூஜென் பிளாய்லர் ஆவார்; ஆனால் அவர் அதனை வேறொரு மனநோயின் குறியைச் சுட்டவே பயன்படுத்தினார். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கான்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், 1944ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதிய கட்டுரையும் இதனைத் தனியானதொரு நிலையாக உலகிற்கு அறிவித்தன. இவ்விருவருக்கும் முன்னரே, 1925ஆம் ஆண்டில், மாஸ்கோவில் பணிபுரிந்த க்ரூன்யா சுகாரெவா என்னும் பெண் மருத்துவர் இதனையொத்த இயல்புகளைச் சிறுவர்களிடம் கண்டு விவரித்துள்ளார்.

தமிழில் இந்நிலையை "மதி இறுக்கம்" என்று கூறுவாருளர். "புற உலகச் சிந்தனையற்றோர்" என்னும் தொடரும் அரசாங்க ஏடுகளில் வழங்கி வந்துள்ளது. இப்பெயர்கள் உண்மையை முழுவதும் உணர்த்துவனவாகா. ஆட்டிஸமுள்ளவர்களிற் பலருக்குப் புறவுலகம் தெரியாமலிருப்பதில்லை. மாறாக, அளவுக்கு மீறித் தெரிவதே அவர்களுடைய இடர்ப்பாடு. மின்விளக்கின் மெல்லிய ரீங்காரம், மருந்தின் நெடி, துணியின் உராய்வு, பலர் ஒருங்கே பேசும் ஓசை ஆகியவை பிறருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றா. ஆட்டிஸமுள்ள ஒருவருக்கோ இவை தாங்கொணா வேதனையாகலாம். சிலருக்குப் புலனுணர்ச்சி குறைவாக இருத்தலும் உண்டு. பசியையும் வலியையும் காலந்தாழ்த்தியே உணர்வோர் இவ்வகையினர். புலனுணர்ச்சியின் இவ்வேறுபாடு, அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ஆட்டிஸத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இதனோடு, குறிப்பால் உணர்த்தப்படுவதை அறிவதில் தடை, சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கொள்ளுதல், நாள்முறையில் மாறுதல் நேர்ந்தால் பெரும் கலக்கம், சில பொருள்களில் மிக ஆழ்ந்த ஈடுபாடு ஆகிய இயல்புகளும் காணப்படும். அறிவுத்திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும். பேச்சே இல்லாதவர்களும் இவர்களில் உண்டு. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களும் உண்டு.

கணக்கில் விடுபட்ட பெண்கள்

கான்னர் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் ஆண்கள். 3 பேரே பெண்கள். ஆஸ்பெர்கர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டிய நால்வரும் சிறுவர்களே. ஆட்டிஸம் ஆண்களுக்கே பெரிதும் உரியதென்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. பிற்காலத்தில் நோயறிகுறிப் பட்டியல்களும் சிறுவர்களின் நடத்தையை அளவுகோலாகக் கொண்டே வகுக்கப்பட்டன. நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்னும் விகிதம் நெடுங்காலம் வழங்கி வந்தது. லண்டன் ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்று என்னும் அளவை ஒட்டியது. இதனால் பெண்களிற் பலர் கண்டறியப்படாமலே போகின்றனர் என்பது தெளிவாகிறது.

இதற்கொரு முக்கிய காரணம், பெண்கள் தம் இயல்பை மறைத்துப் பழகுவதாகும். சிறுமி ஒருத்தி தன் தோழியர் எப்போது சிரிக்கின்றனர், எவ்வாறு பேசுகின்றனர் என்று கூர்ந்து நோக்கி, அவற்றைப் பாடம்போல் மனனம் செய்து, அவ்வாறே நடந்துகொள்கிறாள். பிறர் கண்ணைப் பார்ப்பது அவளுக்குத் துன்பமாயினும் முயன்று பார்க்கிறாள். அடக்கமும் அமைதியும் பெண்ணுக்கு அணிகலன் என்று கருதும் சமூகத்தில் அவள் பேசாதிருப்பதும் நற்குணமாகவே கொள்ளப்படும். இவ்வாறு மறைப்பதற்கு இடைவிடாத முயற்சி வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடரும் அம்முயற்சி மனச்சோர்வுக்கும் மனக்கலக்கத்திற்கும் இடந்தருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர்.

பேறுகாலம் இம்மறைப்புக்கு வேண்டிய வலிமையைப் பறித்துவிடுகிறது. உடல் மாறுகிறது, உறக்கம் குறைகிறது, நாள்முறை சிதைகிறது, முன்பின் அறியாத பலர் தொட்டுப் பரிசோதிக்கின்றனர். அதுகாறும் எவ்வாறோ சமாளித்து வந்த பெண் அப்போது நிலைகுலைகிறாள். மேனாடுகளில் பெண்கள் பலர், தம் குழந்தைக்கு ஆட்டிஸம் உண்டென்று மருத்துவர் கூறிய பின்னரே, தம் இயல்பும் அதுவே என்று முப்பது நாற்பது வயதில் உணர்ந்துள்ளனர்.

தாயின் மேல் சுமத்தப்பட்ட பழி

ஆட்டிஸத்தின் வரலாற்றில் தாய்மார் அடைந்த துன்பம் தனியே கூறத்தக்கது. குழந்தையிடம் தாய் அன்பின்றி நடப்பதே ஆட்டிஸத்திற்குக் காரணமென்னும் கொள்கை 1950, 1960ஆம் ஆண்டுகளில் மேனாடுகளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பனிக்கட்டிப் பெட்டியைப் போலக் குளிர்ந்த நெஞ்சுடையவர்கள் என்று அத்தாய்மார் இகழப்பட்டனர். 1967ஆம் ஆண்டில் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் இக்கொள்கையைப் பொதுமக்களிடையே பரப்பிற்று. ஆனால், அதற்கு மூன்றாண்டுகட்கு முன்னரே, ஆட்டிஸமுள்ள மகனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்டு ரிம்லண்ட் இதனை மறுத்து, காரணம் உடற்கூறு சார்ந்ததென்று வாதிட்டிருந்தார். 1977ஆம் ஆண்டில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, பரம்பரையின் பங்கு பெரிதென்று காட்டினர். பழி ஆதாரமற்றதென்பது நிலைநாட்டப்பட்டது.

எனினும் அப்பழியின் நிழல் முற்றும் மறைந்துவிடவில்லை. முகத்தில் உணர்ச்சியைக் காட்டாத தாயைக் கண்டதும், "இவளுக்குக் குழந்தையின்மேல் பாசமில்லை" என்று முடிவு கட்டுவது இன்றும் எளிதில் நிகழ்கிறது.

ஆராய்ச்சிகள் கூறுவன

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் ஆட்டிஸமுள்ள 355 தாய்மாரையும், ஆட்டிஸமற்ற 132 தாய்மாரையும் வினவி, அம்முடிவுகளை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்திற்குப் பின்னும் மனச்சோர்வுக்கு ஆளானதாகக் கூறியவர்கள் முதல் வகுப்பினரிடையே அதிகமாயிருந்தனர். மருத்துவ ஊழியர்கள் தம்மைத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர் என்றும், அவர்கள் முன்னிலையில் கலக்கமுற்று வாயடைத்துப் போகிறோம் என்றும், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லலாகாது என்று தெரியாமல் திகைக்கிறோம் என்றும் அவர்கள் தெரிவித்தனர். வீட்டு வேலைகளையும் குழந்தைப் பராமரிப்பையும் ஒருங்கே கவனிப்பது கடினமென்றும், தனிமை மிகுதியென்றும் கூறினர். ஆயின், தம் தேவையினும் குழந்தையின் தேவையை முன்வைத்தலிலும், குழந்தையின் தன்னம்பிக்கையை வளர்க்க முயல்வதிலும் அவர்கள் ஏனைய தாய்மாருக்கு எவ்வகையிலும் குறைந்தவர்களாக இல்லை. இம்முடிவு ஊழியர்கள் ஊன்றி நோக்கத்தக்கது.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஆட்டிஸமுள்ள இருபதுக்கு மேற்பட்ட பெண்களைக் கர்ப்ப காலத்திலும் குழந்தை பிறந்தபின்னும் நேரிற் பேசி ஆராய்ந்தனர். உடலின் உணர்ச்சிகள் கர்ப்பத்தில் மிகுந்து வருத்தியமை, மருத்துவமனையின் ஒளியும் ஒலியும் வதைத்தமை, அடுத்து நிகழவிருப்பதை யாரும் தெளிவாக எடுத்துரைக்காமை ஆகியவற்றை அப்பெண்கள் குறிப்பிட்டனர்.

ஸ்வீடன் தேசத்தில் பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆட்டிஸமுள்ள பெண்களுக்கு நிகழ்ந்த 2,198 பிரசவங்களை ஏனைய பிரசவங்களோடு ஒப்பிட்டபோது, குறைமாதப் பிரசவம், முன்கூட்டித் திட்டமிட்ட சிசேரியன் அறுவை, கர்ப்பகால இரத்தக் கொதிப்பு நோய் ஆகியவை முன்னவரிடம் ஓரளவு மிகுதியாகக் காணப்பட்டன. ஆகவே, இப்பெண்களுக்கு மனநலத்தோடு உடல்நலத்திலும் கூடுதற் கவனம் வேண்டும்.

இவ்விஷயத்தை உயிர்ப்பிரச்சினை என்று கூறுவது மிகையாகாது. பிரிட்டனில் நடைபெறும் தாய்மார் மரண விசாரணைகளின்படி, கர்ப்பம் முடிந்த 6 வாரங்களுக்குப் பின் ஓராண்டுக்குள் நேரும் நேரடி மகப்பேற்று மரணங்களுக்குத் தற்கொலை முதன்மைக் காரணமாயுள்ளது. மற்றொருபுறம், முதிர்ந்த வயதில் ஆஸ்பெர்கர் நிலை கண்டறியப்பட்ட 374 பேரை இங்கிலாந்து மருத்துவமனை ஒன்றில் ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, அவர்களில் 66 சதவீதத்தினர் தற்கொலை எண்ணத்திற்கு ஆளானதுண்டு என்று தெரிவிக்கிறது. இவ்விரு அபாயங்களும் ஒருங்கே கூடுமிடத்தில் ஆட்டிஸமுள்ள புதுத்தாய் நிற்கிறாள்.

பிரசவ அறையில்

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பிரசவங்களில் 88.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நடைபெறுகின்றன. தாய் சேய் உயிர்களைக் காப்பதில் இது பெரிய முன்னேற்றம். அதே சமயம், நெரிசலும் கூச்சலும் மிகுந்த பிரசவ அறைக்குள் எல்லாப் பெண்களும் செல்ல வேண்டியிருக்கிறது.

பிரசவ வலி கண்ட பெண் அலறுவாள், முகம் சுளிப்பாள் என்று ஊழியர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. ஆட்டிஸமுள்ள பெண் ஒருத்தி சலனமற்ற முகத்தோடு, தாழ்ந்த குரலில், "மிகவும் வலிக்கிறது" என்று கூறினால், அதனை நம்புவோர் சிலரே. வலி முற்றிய நிலையிலும் "இன்னும் நேரமிருக்கிறது" என்று திருப்பியனுப்பப்பட்டதாக மேனாட்டுப் பெண்கள் பலர் தெரிவித்துள்ளனர். வேறு சிலர், அறிவிப்பின்றிச் செய்யப்பட்ட உட்பரிசோதனையால் பேச்சற்று உறைந்துபோயினர். கேட்ட கேள்விக்கு விடை கூறாமையை ஒத்துழையாமையாகவும், அவர்களுடைய மௌனத்தைச் சம்மதமாகவும் ஊழியர்கள் கொண்டுவிட்டனர். இரண்டும் தவறு. உணர்ச்சிப் பெருக்கால் பேச்சு நின்றுபோவது ஆட்டிஸமுள்ளவர்களிடம் காணப்படும் நிகழ்ச்சியே. தலையசைப்பாலோ, கைச்சைகையாலோ, எழுதிக் காட்டியோ விடை கூற அவர்களால் இயலக்கூடும்.

வினாத்தாளும் விடையும்

பிரசவத்திற்குப் பின் தோன்றும் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் வழங்கும் சாதனம் எடின்பரோ அளவுகோல் ஆகும். ஜான் காக்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட அதில் 10 வினாக்கள் உள்ளன. கடந்த 7 நாட்களில் தாய் எவ்வாறு உணர்ந்தாள் என்பதை நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து அவள் குறிக்க வேண்டும். அதிகப்படியான மொத்தம் 30. இதன் தமிழ் வடிவம் வேலூரில் சோதிக்கப்பட்டு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் நாட்டில் இந்நோய் அரிதன்று. 2017ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான தொகுப்பாய்வு 38 இந்திய ஆய்வுகளைத் திரட்டி, பிரசவத்திற்குப் பின் 22 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு காணப்படுவதாகக் கணித்தது.

இத்தகைய அளவுகோல்கள் மிகவும் பயனுடையவை. ஆயினும், தன் உணர்ச்சியைத் தானே இனங்கண்டு பெயரிட்டுக் கூறும் ஆற்றல் தாய்க்கு உண்டென்னும் அடிப்படையில் அமைந்தவை. ஆட்டிஸமுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது கடினமென்று 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று காட்டுகிறது. ஏனையோரிடம் இக்குறை 5 சதவீத அளவிலேயே காணப்பட்டது. நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது என்பதை அவர்கள் அறிவர். அது அச்சமா, துயரமா, பசியா என்று பிரித்தறிதல் இயலாமற் போகும். "மனம் எப்படி இருக்கிறது?" என்று பொதுப்படக் கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்பதே விடையாக வரும். பலமுறை கேட்டுப் பழகிய வாய்ப்பாடு அது. அதற்கு மாறாக, "நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? இன்று என்ன சாப்பிட்டீர்கள்? முன்பு விரும்பிச் செய்த வேலை எதையேனும் இவ்வாரம் செய்தீர்களா?" என்று குறிப்பிட்டுக் கேட்டால் உண்மை வெளிப்படும்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றியும் சுற்றி வளைக்காமல், கனிவோடு, நேரடியாகவே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகிவிடும் என்னும் அச்சத்திற்கு ஆதாரமில்லை. "உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன்" என்று ஒரு பெண் உணர்ச்சியற்ற குரலில் கூறினாலும், அழுதுகொண்டு கூறியதைப்போலவே அதனை முக்கியமாகக் கருதுதல் கடமையாகும்.

குழந்தை பிறந்தபின்

குழந்தையின் அழுகை எல்லாத் தாய்மாரையும் பாதிக்கும். ஒலியைத் தாங்க இயலாத பெண்ணுக்கோ அது உடல் வேதனையாகிறது. பாலூட்டும்போது ஏற்படும் தொடுவுணர்ச்சியும் சிலருக்கு அருவருப்பைத் தருகிறது. குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்ததென்று அறிந்து, அவ்வேதனையைப் பற்களைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பாலூட்டிய தாய்மார் பலர். இதனை வெளியே சொன்னால் பாசமற்றவள் என்று தூற்றுவார்களென அஞ்சி அவர்கள் மறைத்துவிடுகின்றனர். குழந்தையைத் தம்மிடமிருந்து அரசாங்கத்தார் பிரித்துவிடுவார்கள் என்னும் அச்சத்தால், தம் நிலையை ஊழியர்களிடம் தெரிவிக்காதவர்களும் மேனாடுகளில் உண்டு.

நம் தேசத்தின் வழக்கங்களில் இவர்களுக்கு உதவுவனவும் உண்டு. இடர் தருவனவும் உண்டு. பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வதும், சில வாரங்கள் தனியறையில் ஓய்ந்திருப்பதும், பிற பெண்கள் வீட்டு வேலையை ஏற்றுக்கொள்வதும் களைத்த உடலுக்கு ஆறுதல் தரும். ஆனால் வளைகாப்பு, பெயரிடுதல் முதலிய சடங்குகளில் உறவினர் கூட்டமாக வந்து தொட்டு வாழ்த்துவதும், ஆளுக்கொரு யோசனை கூறுவதும், தாய் எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் ஆட்டிஸமுள்ள பெண்ணை நலியச் செய்யும். சடங்கை விலக்க வேண்டுமென்பதில்லை. கூட்டத்தைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கி, இடையே அவள் தனித்திருக்க ஓர் அறை ஒதுக்கினாலே போதும்.

சட்டமும் ஏற்பாடுகளும்

1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிஸத்தை ஏற்றுக்கொண்டுள்ளன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தாய்மாருக்குரிய சிறப்பு விதி ஒன்றுண்டு. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து அவளுடைய 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரித்தலாகாது என்பது அவ்விதி. தாயின் நோயாலோ வேறு காரணத்தாலோ குழந்தைக்குத் தீங்கு நேருமெனில் தற்காலிகமாகப் பிரிக்கலாம்; அப்போதும் தாய் ஊழியர் மேற்பார்வையில் குழந்தையைக் காண இடமளிக்கப்படும். அச்சத்தால் வாய் திறவாத தாய்க்கு இவ்விதியை எடுத்துக் கூறுவதே ஒரு சிகிச்சையாகும்.

தாயையும் சேயையும் ஒருங்கே வைத்து மருத்துவம் செய்யும் முறை 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கியது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையமான நிம்ஹான்ஸில் அத்தகைய பிரிவு 2009ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1996ஆம் ஆண்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக மாவட்ட மருத்துவமனைகளில் மனநோய் மருத்துவரை அணுகலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.

ஊழியர்கள் செய்யத்தக்கவை

ஆட்டிஸம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது பயிற்சி பெற்ற மருத்துவரின் பொறுப்பு. ஊழியர் தாமே பெயர் சூட்ட முற்படலாகாது. ஆனால் கீழ்க்காணும் முறைகளுக்கு எந்த மருத்துவச் சான்றும் வேண்டியதில்லை. இவற்றால் எந்தத் தாய்க்கும் தீங்கும் இல்லை.

1. செய்யப்போவதை முன்னரே சொல்க. "இப்போது வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போகிறேன், இரண்டு நிமிஷம் ஆகும்" என்று கூறி, இசைவு பெற்ற பின்னரே தொடுக.

2. ஒரு நேரத்தில் ஒரு கேள்வியே கேட்க. விடைக்குப் பொறுத்திருக்க. மௌனத்தைக் கண்டு கேள்வியை வேறு சொற்களில் மாற்றி மாற்றிக் கேட்டால் குழப்பமே மிகும்.

3. "கொஞ்சம் ஓய்வெடுங்கள்", "ஏதேனும் என்றால் வாருங்கள்" என்பவை தெளிவற்ற சொற்கள். "பகலில் ஒரு மணி நேரம் படுங்கள்", "இரத்தப்போக்கு அதிகமானால் உடனே வாருங்கள்" என்று திட்டமாகக் கூறுக. முக்கியமானவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் மிக நன்று.

4. இயன்றவரை ஒரே ஊழியர் தொடர்ந்து காண்க. மருத்துவ நிலையத்தில் பிரசவித்த தாயை ஆஷா ஊழியர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டிற் சென்று காண வேண்டுமென்பது திட்டம். அந்நாட்களையும் நேரத்தையும் முன்னரே அறிவித்துவிட்டால், எதிர்பாராத வருகையால் விளையும் கலக்கம் நீங்கும்.

5. பிரசவ அறையில் அப்பெண் நம்பும் ஒருவர் உடனிருக்க இடம் தருக. ஒவ்வொரு பெண்ணுக்கும் தான் தேர்ந்த துணை உடனிருத்தல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனமும் 2018ஆம் ஆண்டில் பரிந்துரைத்துள்ளது. தேவையற்ற விளக்கை அணைத்தல், கூச்சலைத் தணித்தல் ஆகியவை செலவில்லாத உதவிகள்.

6. வலி உண்டென்று தாய் கூறினால், அவள் முகத்தைக் கொண்டு அதனை அளவிடாதிருக்க. சொல்லையே சான்றாகக் கொண்டு பரிசோதிக்க.

7. பாசத்தை முகமலர்ச்சியால் மதிப்பிடாதிருக்க. குழந்தை வேளைக்குப் பால் பெறுகிறதா, தூய்மையாக உள்ளதா, அதன் தேவையைத் தாய் கவனிக்கிறாளா என்பனவே உரிய அளவுகோல்கள்.

ஆசிரியர்களின் பங்கு

இன்று பள்ளியில் பயிலும் சிறுமியே நாளைய தாய். வகுப்பில் யாருக்கும் தொந்தரவு தராமல், மதிப்பெண்ணும் குறையாமல், ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் மாணவியை ஆசிரியர் கவனிக்க நேர்வதில்லை. விளையாட்டு நேரத்தில் தனித்து நிற்றல், மணியோசைக்குக் காதைப் பொத்துதல், பாட அட்டவணை மாறினால் கண்கலங்குதல், பள்ளியில் அமைதியாயிருந்து வீடு சேர்ந்ததும் அழுது தீர்த்தல் ஆகியவை தொடர்ந்து காணப்பட்டால், பெற்றோரிடம் பரிவோடு பேசி, மருத்துவரிடம் காட்டத் தூண்டலாம். இளமையிலேயே தன் இயல்பை அறிந்த பெண், பிற்காலத்தில் தனக்கு வேண்டிய உதவியைத் தானே கேட்டுப் பெறும் தைரியம் உடையவளாவாள்.

ஆட்டிஸமுள்ள குழந்தையின் தாயுடன் பேசுங்காலும் ஆசிரியர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கூட்டங்களுக்கு வாராதவள், கண்ணைப் பார்த்துப் பேசாதவள், அடிக்கடி ஒரே ஐயத்தைக் கேட்பவள் என்று குறை கூறப்படும் தாயும் அதே இயல்பினளாயிருக்கலாம். செய்தியை எழுத்தில் அனுப்புவதும், சந்திக்கும் நேரத்தையும் பேசவிருக்கும் பொருளையும் முன்னரே தெரிவிப்பதும் அவளுக்குப் பேருதவியாகும்.

முடிவுரை

ஆட்டிஸமுள்ள தாய்க்கு உரிய பராமரிப்பு என்பது புதிய மருந்தையோ, விலையுயர்ந்த கருவியையோ வேண்டி நிற்பதன்று. தெளிவாகப் பேசுதல், முன்னறிவித்தல், பொறுத்திருத்தல், நம்புதல் ஆகிய நான்கும் எந்தத் துணைச் சுகாதார நிலையத்திலும் இன்றே கைக்கொள்ளத்தக்கவை. மனச்சோர்வு தகுந்த சிகிச்சையால் குணமாகும் நோய். காலத்திற் கண்டறியப்பட்டால் தாயும் பிழைப்பாள், சேயும் செழிக்கும். அடுத்த முறை தாய் சேய் நல அட்டையைக் கையிலெடுக்கும் ஊழியர், எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்து முடித்தபின், இன்னும் சில நிமிஷங்கள் அமர்ந்து, அமைதியாயிருக்கும் தாயிடமும் அவளுடைய உறக்கத்தையும் உணவையும் பற்றித் தனித்தனியே கேட்பாராக.